பட்டறையிலிருந்து பட்டத்துக்கு

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க நிற்பவர்களில் கைவேலை தெரியாதவர்கள் குறைவு. டர்னர், பிட்டர், வெல்டர், டை மேக்கர் என்று ஆளுக்கொரு வித்தை. ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து, மீதியைக் கையைச் சுட்டுக்கொண்டு கற்றவர்கள். அவர்கள் நடுவே ஒரு பெண் நின்று, “நான் மண்பாண்டம் செய்யறதுல முதுகலை படிக்கிறேன் அண்ணே” என்று சொன்னால், “அதுக்கெல்லாமா பாப்பா மாஸ்டர் டிகிரி?” என்ற கேள்வி அந்த நொடியே வந்து விழும்.

கேட்க வேண்டிய கேள்விதான். கையால் செய்வதற்கு எப்போது பள்ளிக்கூடம் வந்தது? பள்ளிக்கூடத்துக்கு எப்போது பட்டம் வந்தது? பட்டத்துக்கு மேல் பட்டம் யார் கொடுத்தார்கள்? விடை தேடிப் புறப்பட்டால் முதலில் திருவள்ளூரிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் வரை சுமார் 42 கிலோமீட்டர் போக வேண்டும். அப்புறம் லண்டன், கண்டி, வைமார், ஜாவா, தோக்கியோ, அகமதாபாத், பாண்டிச்சேரி என்று ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கும்.

பள்ளிக்கூடம் வருவதற்கு முந்தைய கதை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தவை மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும். அவை விளைந்த கிழக்குத் தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணிக்கு மதிப்பு அதிகம். ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள் ஏற்றினார்கள். எந்தத் தீவில் எந்தக் கட்டம் விலைபோகிறது, எந்தச் சிவப்பு ஓடுகிறது என்ற சேதி மாதிரித் துணியாகக் கப்பலில் வந்து தறிக்காரர் வீட்டு வாசலில் இறங்கும். அவர் அதைப் பார்த்து நெய்து கொடுப்பார். சாயத்தின் பக்குவம், பாவு ஓட்டும் கணக்கு, கஞ்சி போடும் பதம் எல்லாம் வீட்டுக்குள் இருந்தன. மகன் அப்பாவைப் பார்த்துக் கற்றான். மருமகள் மாமியாரைப் பார்த்துக் கற்றாள். வெளியாள் கற்க வழியில்லை, கேட்கவும் ஆளில்லை.

அந்தத் துணிகள் போன இடமெல்லாம் புதுக் கைகளைத் தூண்டிவிட்டன. சோழமண்டலத் துணி விலையேறிக் கைக்கெட்டாமல் போன காலத்தில் ஜாவாக்காரர்கள் தங்கள் மெழுகுச் சாய முறையான பாட்டிக்கைப் பெரிதாக வளர்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்குச் சென்னைப் பக்கத்துக் கட்டத்துணி மேல் தீராத ஆசை. அவர்கள் அதை வாங்கி அப்படியே கட்டிக்கொள்வதோடு நிற்கவில்லை. பெண்கள் உட்கார்ந்து, கட்டத்துக்குள் சில இழைகளை மட்டும் கூரிய அலகால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். எடுத்த இழை போன இடத்தில் ஒரு புது வடிவம் தெரியும். நம் ஊர் நெசவாளர் சேர்த்ததைக் கழித்தே தங்கள் துணியைச் செய்துகொண்டார்கள். பின்னாளில் அமெரிக்க மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோன் ஐகர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அறுத்த நூலும் பல்கலைக்கழகம் ஏறியது.

பள்ளிக்கூடத்தின் கதையைத் தொடங்கி வைத்தது வியாபார பயம். 1830-களில் இங்கிலாந்தின் ஆலைகள் உலகத்துக்கே துணி நெய்து தள்ளின. ஆனால் அழகான துணி வேண்டுமென்றால் பணக்காரர்கள் பிரான்ஸ் பக்கம் திரும்பினார்கள். நாடாளுமன்றம் குழு போட்டு விசாரித்தது. விளைவாக 1837-ல் லண்டன் சாமர்செட் ஹவுஸில் அரசாங்க வடிவமைப்புப் பள்ளி திறந்தது. இன்று கைவினை முதுகலை படிக்க உலகமே வரிசையில் நிற்கும் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், அந்தப் பள்ளியின் வளர்ச்சிதான்.

சரியாக 13 ஆண்டுகள் கழித்து, 1850-ல், மெட்ராஸ் பிராட்வேயில் அலெக்சாண்டர் ஹண்டர் தன் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அவர் ராணுவ அறுவை மருத்துவர். அரசாங்கம் சொல்லி ஆரம்பிக்கவில்லை, சொந்த முயற்சி. மறு ஆண்டே தொழிற்கலைப் பள்ளி ஒன்றையும் சேர்த்தார். ஒருபக்கம் ஓவியம், மரச்செதுக்கு அச்சு. மறுபக்கம் மண்பாண்டம், செங்கல், ஓடு. அன்றாடம் புழங்கும் பொருள் நல்ல வடிவத்தில், நல்ல நேர்த்தியில் இருக்க வேண்டும், அதைப் பார்த்து ஜனங்களின் ரசனை உயர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு மருத்துவர் ஏன் களிமண்ணைப் பிசைந்தார் என்று வியப்பாக இருக்கலாம். அந்தக் காலத்து ராணுவ மருத்துவர்கள் மூலிகை, கனிமம், மண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சோதித்துக் குறித்து வைத்தவர்கள். ஹண்டருக்கு மண் பிடித்துப்போனது, அவ்வளவுதான். பின்னர் அரசாங்கம் பள்ளியை எடுத்துக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்பது அதுவே. பம்பாயில் ஜே.ஜே. பள்ளி வந்தது 1857-ல். லாகூரில் மேயோ பள்ளி 1875-ல். இந்த வரிசையில் முன்னால் நிற்பது மெட்ராஸ்.

அங்கே நடந்த மாற்றம் பெரியது. வித்தை முதல்முறையாக வீட்டைவிட்டு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்தது. குயவர் வீட்டில் பிறக்காதவனும் சக்கரத்தைச் சுற்றலாம் என்றானது. அதோடு ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது. வீட்டில் கை கற்றுக்கொடுத்ததைப் பள்ளியில் தாள் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. இந்த 175 ஆண்டுக் கதை முழுவதும் கைக்கும் தாளுக்குமான இழுபறி.

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இந்தியத் துணிகளையும் பாத்திரங்களையும் பார்த்து இங்கிலாந்தின் வடிவமைப்பாளர்கள் அசந்துபோனார்கள். ஓவன் ஜோன்ஸ் 1856-ல் வெளியிட்ட அலங்கார வடிவங்களின் பெருநூலில் இந்திய வடிவங்களுக்குத் தனி இடம் கொடுத்தார். இங்கிலாந்து மாணவர்கள் அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார்கள். அதே காலத்தில் சவுத் கென்சிங்டனில் 23 படிநிலைகள் கொண்ட ஓவியப் பாடத்திட்டம் தயாரானது. கோடு, வளைவு, நிழல், பிளாஸ்டர் வார்ப்பு என்று படிப்படியாக ஏறிப்போக வேண்டும். இந்தப் பாடத்திட்டம் கப்பலேறி இந்தியக் கலைப்பள்ளிகளுக்கு வந்தது. நம் கோயில் தூணில் இருக்கும் கொடியை லண்டன் மாணவன் வரைந்துகொண்டிருந்தபோது, நம் மாணவன் கிரேக்கச் சிலையின் பிளாஸ்டர் மூக்கை வரைந்துகொண்டிருந்தான். அந்த இழப்பு நமக்கு நெடுநாள் வலித்தது.

நகல் எடுப்பதில் உச்சம் தொட்டவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். லண்டனில் இருந்த இந்தியப் பொருட்காட்சியகத்தின் பொறுப்பாளர். 1866-ல் அவர் வெளியிட்டது படிக்கும் புத்தகமல்ல, துணிப் புத்தகம். 18 தொகுதிகள், 700 துணித் துண்டுகள். நிஜத் துணியை வெட்டி ஒட்டி, நீள அகலம், எடை, விலை, வாங்கிய ஊர் எல்லாம் குறித்திருந்தார். வேட்டி, சேலை, தலைப்பாகை, கைக்குட்டை எதையும் விடவில்லை. மொத்தம் 20 செட்டுகள். பதின்மூன்று பிரிட்டனின் ஜவுளி நகரங்களுக்கு, ஏழு இந்தியாவுக்கு. மெட்ராஸுக்கும் ஒன்று வந்தது. இந்தியர் என்ன உடுத்துகிறார் என்று லங்காஷயர் ஆலைக்காரர் ஊரைவிட்டு நகராமலே தொட்டுப் பார்த்து, அதேபோல் மலிவாக நெய்து அனுப்பலாம். அதில் துணி இருந்தது. ஊர் இருந்தது. நெய்தவர் பெயர் மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை.

கையை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், மணவாள நகர்க்காரர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய ஆள்: ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். மெட்ராஸில் இன்ஜினீயரிங் பேராசிரியர். கலைப்பள்ளிப் பட்டறைகளைப் பார்த்தவருக்கு ஒரு யோசனை தோன்றியது. செம்பும் பித்தளையும் தட்டித் தட்டிப் பழகிய கன்னார்களின் கையில் ஒரு புது உலோகத்தைக் கொடுத்தால் என்ன? 1898-ல் கலைப்பள்ளியில் அலுமினியத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யும் வேலை ஆரம்பமானது. ஐரோப்பாவிலேயே அலுமினியம் மலிவாகி ஒரு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சுத்தியல் பழையது, கை பழையது, தகடு மட்டும் புதிது. செம்புக்குப் பழகிய அடியை அலுமினியத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அலுமினியத்தில் எளிதில் பற்றவைக்கவும் முடியாது. ஆகவே ஒரே தகட்டிலிருந்து குழித்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் தட்டித் தட்டியே கண்டுபிடித்தார்கள். பள்ளியின் சோதனை நன்றாக ஓடியது. 1903-ல் அந்த வேலையை ஒரு தனியார் கம்பெனி வாங்கிக்கொண்டது. நம் சமையலறைக்குள் அலுமினியச் சட்டியும் டிபன் பாக்ஸும் நுழைந்த வழிகளில் ஒன்று, ஓர் ஓவியப் பள்ளியின் கொல்லைப்புறம்.

சாட்டர்டன் அதோடு நிற்கவில்லை. அதே பள்ளியில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்தார். விசைநாடாத் தறியைப் பரப்பப் பாடுபட்டார். விசைநாடா என்பது 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தது. கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும். நெசவாளர் கை நீட்டித் தள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டுத் தறிகளில் அது ஊன்றக் கிட்டத்தட்ட 170 ஆண்டுகள் பிடித்தன. மெட்ராஸ் பள்ளிக்கு ஒரு காலத்தில் தலைமை தாங்கிய ஈ.பி. ஹாவெலும் விசைநாடாவுக்காக வாதாடியவர். கலைப்பள்ளி என்றால் படம் வரையும் இடம் என்று நாம் சுருக்கிவிட்டது பிற்காலப் பழக்கம். இன்றைய கம்பெனி டூல் ரூமுக்கு அதை ஒரு மூத்த உறவாகச் சொல்வதில் தவறே இல்லை.

அடுத்த திருப்பம் ஒரு தமிழரால் வந்தது. ஆனந்த குமாரசாமி 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசாமி, தாய் ஆங்கிலேயர். படித்தது நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுத் துறைத் தலைவராகக் கல்லைத் தேடிக் கண்டிச் சீமைக் கிராமங்களில் அலைந்தார். கல்லோடு சேர்த்து வேறொன்றும் கண்ணில் பட்டது: தச்சர், கருமார், பாய் முடைவோர், தட்டார், நெசவாளர். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் கருவி, எந்தப் பெயர், எந்தச் சடங்கு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மனைவி ஈத்தல் புகைப்படம் எடுத்தார். தையல் வேலைகளைப் பற்றி எழுதியவரும் அவரே. ஃபோர்ப்ஸ் வாட்சன் துணியை வெட்டிப் போனார். குமாரசாமி செய்பவரைப் போய்ப் பார்த்தார். கைவினையில் ஆய்வு என்று இன்று முதுகலை மாணவர்கள் செய்வதன் முதல் வடிவம் இது என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் புத்தகம், இடைக்காலச் சிங்களக் கலை பற்றியது, 1908-ல் வெளிவந்தது. அச்சான விதமும் ஒரு கதை. இங்கிலாந்தின் பிராட் கேம்டன் கிராமத்தில் பழைய தேவாலயம் ஒன்றை வீடாக்கிக் குடியேறியிருந்தார் குமாரசாமி. அதைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் சி.ஆர். ஆஷ்பி. லண்டன் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்கே வந்து கைவினைச் சங்கம் நடத்தியவர். கையால் செய்வதே மனிதனுக்கு மரியாதை என்று முழங்கிய வில்லியம் மோரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறி, மோரிஸ் இறந்த பின் ஆஷ்பியிடம் வந்திருந்தது. அதில்தான் குமாரசாமியின் புத்தகம் பக்கம் பக்கமாக ஓடியது. 15 மாதங்கள் பிடித்தன; 425 பிரதிகள். கண்டிக் கிராமத்துப் பாய் முடைபவரின் வேலை, மோரிஸின் அச்சில் ஏறியது.

ஈத்தல் பின்னர் குமாரசாமியைப் பிரிந்து வேறு மணம் செய்துகொண்டார். ஈத்தல் மேரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறி மறுமலர்ச்சிக்குத் தாயாக நின்றவர் அவரே. இலங்கையில் பார்த்த நெசவும் சாயமும் அவர் மனதில் தங்கிவிட்டன. 1916-ல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார். டிச்லிங் கிராமத்தில் தறிப்பட்டறை அமைத்து, வந்த இளைஞர்களுக்கெல்லாம் நூற்கவும் சாயமிடவும் கற்றுக்கொடுத்தார். 1920-களின் தொடக்கத்தில் அந்தப் பட்டறைக்கு இரண்டு மண்பாண்டக் கலைஞர்கள் விருந்தாளிகளாக வந்தார்கள்: பெர்னார்ட் லீச், ஷோஜி ஹமாடா. கிராமத்திலேயே இருந்துகொண்டு, உடுப்பதும் உண்ணும் தட்டும் கையால் செய்ததாகவே வாழ முடியும் என்பதை ஹமாடா அங்கே கண்டார். ஜப்பான் திரும்பியதும் மாஷிகோ என்ற குயவர் கிராமத்தில் போய்க் குடியேறினார். கண்டியிலிருந்து டிச்லிங், டிச்லிங்கிலிருந்து மாஷிகோ. இந்தப் பாதையை யாரும் திட்டமிடவில்லை.

அதே நேரம் வங்காளத்தில் இன்னொரு முடிச்சு விழுந்தது. 1919-ல் ஜெர்மனியின் வைமாரில் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு சாந்திநிகேதனில் தாகூரின் கலா பவனம் தொடங்கியது. பௌஹவுஸின் ஏற்பாடு எளிமையானது, ஆனால் அன்றைக்குப் புதுமையானது. ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள்: வடிவம் சொல்லித்தர ஓர் ஓவியர், வேலை சொல்லித்தர ஒரு மேஸ்திரி. தாளும் கையும் ஒரே அறையில், ஆளுக்கொரு நாற்காலியில். 1922 டிசம்பரில் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் கலைஞர்களின் படைப்புகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பாவிலேயே பலரும் பௌஹவுஸைக் கேள்விப்படாத காலம் அது.

தாகூரிடம் வேலைக்கு வந்த ஆங்கிலேயர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் 1922-ல் ஸ்ரீநிகேதனில் விவசாயமும் கைத்தொழிலும் சேர்ந்த கிராமப் புனரமைப்புப் பள்ளியை நடத்தினார். மூன்றே ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பி, அமெரிக்கச் செல்வந்தரான மனைவி டோரத்தியோடு டெவன் பகுதியில் டார்ட்டிங்டன் என்ற பாழடைந்த எஸ்டேட்டை வாங்கினார். வங்காளத்தில் பார்த்ததை அங்கே நட்டார். பெர்னார்ட் லீச்சும் அங்கே வந்து பானை வனைந்து, கற்றும் கொடுத்தார். 1952-ல் உலகின் குயவர்களும் நெசவாளர்களும் கூடிய பெரிய மாநாடு நடந்தது அதே டார்ட்டிங்டனில். லீச், ஹமாடா, ஜப்பானிய நாட்டார் கைவினையின் தத்துவ ஆசான் யானகி மூவரும் அதில் இருந்தார்கள். மாநாடு முடிந்த கையோடு அமெரிக்கா புறப்பட்டார்கள். வட கரோலினாவின் பிளாக் மவுன்டன் கல்லூரியிலும் போய்ச் சக்கரம் சுற்றிக் காட்டினார்கள். அது, நாஜிகள் நெருக்கி 1933-ல் பௌஹவுஸ் மூடப்பட்ட பிறகு அதன் ஆசிரியர்கள் ஜோசஃப், ஆனி ஆல்பர்ஸ் தம்பதி தஞ்சம் புகுந்து பல ஆண்டுகள் ஓவியமும் நெசவும் கற்றுக்கொடுத்த கல்லூரி. தாகூர் வழியில் வந்த ஓடையும் பௌஹவுஸ் ஓடையும் அமெரிக்க மலையடிவாரத்தில் கலந்தன.

முதுகலைப் பட்டம் முளைத்ததும் அமெரிக்காவில்தான். 1900-லேயே நியூயார்க் மாநிலத்தின் ஆல்ஃப்ரெட் என்ற சிற்றூரில் மண்பாண்டத்துக்கென்று கல்லூரி இருந்தது. நடத்தியவர் சார்லஸ் பின்ஸ், இங்கிலாந்தின் ராயல் வூஸ்டர் பீங்கான் ஆலையில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசாங்கமே படிப்புச் செலவு கொடுக்கும் சட்டம் 1944-ல் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். துப்பாக்கி பிடித்த கைகள் பலவும் களிமண், தறி, உலை என்று தேடின. பல்கலைக்கழகங்கள் பட்டறை கட்டின. பட்டறைக்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியராகப் பட்டம் வேண்டும். இப்படித்தான் எம்.எஃப்.ஏ. என்ற கவின்கலை முதுகலைப் பட்டம் பெருகி, கலைத்துறையில் அதுவே உச்சப் பட்டம் என்றானது. ஆய்வேட்டுக்கு நிகராகச் செய்த பொருளையே பரிசோதகர் முன் வைக்கலாம் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. லண்டனில் 1837-ல் பிறந்த அந்தப் பழைய பள்ளிக்குத் தானே பட்டம் வழங்கும் உரிமை 1967-ல்தான் கிடைத்தது.

பட்டம் இந்தியாவுக்கு வந்த கதையில் பாண்டிச்சேரி ஒரு நிறுத்தம். 1937-ல் ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைக் கட்டும் பணிக்கு வந்தார். ஆசிரமத்திலேயே தங்கிச் சீடரானார். அமெரிக்கா திரும்பியவரைப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக முகாமில் அடைத்தார்கள். முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சர் இருந்தார். அவரிடம் உளியும் ரம்பமும் பிடிக்கக் கற்ற நகாஷிமா, பின்னர் உலகப் புகழ் பெற்ற மரவேலைக் கலைஞரானார். 1964-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து அங்கே மேசை நாற்காலிகள் வடிவமைத்தார். அந்த நிறுவனம் பிறந்ததற்கும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பதிதான் காரணம். சார்லஸ், ரே ஈம்ஸ் இருவரும் இந்திய அரசின் அழைப்பில் வந்து 1958-ல் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருட்களிலேயே மிகச் சிறந்தது என்று அவர்கள் கொண்டாடியது தண்ணீர்ச் செம்பை. இடுப்பில் எப்படி நிற்கிறது, கழுத்து எவ்வளவு, ஊற்றினால் எப்படிச் சாய்கிறது, கழுவக் கை நுழையுமா என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கியிருந்தார்கள். 1961-ல் நிறுவனம் தொடங்கியது. 1969-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் சுதாகர் நாட்கர்ணி முன்னின்று தொடங்கிய தொழில் வடிவமைப்பு மையம் முதுநிலைப் படிப்பை நடத்தியது. நாட்கர்ணி படித்தது ஜெர்மனியின் உல்ம் பள்ளியில். பௌஹவுஸின் மரபை எடுத்துப் போருக்குப் பின் எழுந்த பள்ளி அது.

மெட்ராஸ் இதற்குள் தன் வழியில் நடந்துகொண்டிருந்தது. 1929-ல் கலைப்பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அபனீந்திரநாத் தாகூரின் மாணவர். மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையேற்றார். மாணவர்கள் திறமையோடு படித்து வெளியே போய், வயிற்றுப்பாட்டுக்கு எங்காவது வேலைக்குச் சேர்ந்து தூரிகையைக் கீழே வைத்துவிடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஓவியர்களையே கைவினைப் பொருள் செய்யச் சொன்னார். அவர்கள் எதைச் செய்தார்கள்? பெரும்பாலும் பாட்டிக். 1927-ல் ஜாவா போன தாகூர் குழுவினர் வியந்து பார்த்த பாட்டிக், சாந்திநிகேதனில் பாடமாகி, சுற்றிச் சுற்றிச் சென்னை வந்து சேர்ந்திருந்தது. பழவேற்காட்டுத் துணி ஜாவாவுக்குப் போய் அங்கே தூண்டிவிட்ட கலை, மூன்று நூற்றாண்டு கழித்து அதே கரைக்குத் திரும்பிவிட்டது. பாட்டிக் விற்ற காசும் சேர்த்து, 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தார்கள். பகலில் மெழுகும் சாயமும், மற்ற நேரம் தன் ஓவியம். ஓவியர் கைவினை செய்தால் தரம் தாழ்ந்துவிடும் என்ற பேச்சு அப்போதும் இருந்தது. சோழமண்டலம் இன்றும் நிற்பதே அதற்குப் போதுமான பதில்.

மாமல்லபுரத்தில் 1957-ல் சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்தபதிகளின் குருகுலம் அரசாங்கக் கல்லூரியான கதை அது. பட்டம் வாங்கிய ஸ்தபதி இன்று கோயில் கட்ட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்.

பாண்டிச்சேரிக்கு மறுபடி வருவோம். 1971-ல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஆசிரமத்தைச் சார்ந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிசென் பகுதியில் பயின்றவர். ஜப்பானிய மண்பாண்ட மரபு, இப்படித் தமிழ்ச் சூளைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே ஒரு கிளை டெல்லிக்கு வந்திருந்தது: 1919-ல் தோக்கியோவுக்குப் பீங்கான் தொழில் படிக்கப் போன குர்சரண் சிங் அங்கே லீச், ஹமாடா, யானகி வட்டத்தோடு பழகித் திரும்பி, பின்னாளில் டெல்லியில் நீலப் பாண்டப் பட்டறை வைத்தார். பாண்டிச்சேரிப் பட்டறை பட்டம் எதுவும் கொடுக்கவில்லை. ஆயினும் இன்று இந்தியாவில் பேர் சொல்லும் மண்பாண்டக் கலைஞர்களில் பலர் அங்கே கற்றவர்கள். மீக்கர் இன்னொன்றும் செய்தார். பச்சை மண் கல்லால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ வைத்தார். பல நாள் எரிந்து ஆறிய பின் சுவரும் கூரையும் சுட்ட மண்ணாகி நிற்கும்; உள்ளே அடுக்கிய சரக்கை எடுத்து விற்கலாம்.

இப்போது பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு. அரசு கவின்கலைக் கல்லூரியில் இளங்கலை நான்கு ஆண்டுகள், முதுகலை இரண்டு ஆண்டுகள். 2013-ல் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பின் பட்டம் அதன் பெயரில் வருகிறது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலையோடு பீங்கான், துணி ஆகிய பிரிவுகளும் உண்டு. அந்த இரண்டுக்கும் தொழில் வடிவமைப்பு என்றே பெயர். ஹண்டரின் மண்ணும் சாட்டர்டனின் தறியும் அந்தப் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தரமணியில் 1995-ல் தொடங்கிய நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனத்தின் மாணவர்கள் நெசவாளர் ஊர்களில் போய்த் தங்கி, தறியையும் கணக்கையும் ஆவணமாக்கி வருகிறார்கள்.

முதுகலை மாணவி இரண்டு ஆண்டுகள் என்னதான் செய்வாள்? ஒரே கிண்ணத்தை நூறு முறை வனைவாள். மெருகுக் கலவையில் சாம்பலைக் கொஞ்சம் கூட்டி, களியைக் கொஞ்சம் குறைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்ன ஓடு சுட்டு, பின்புறம் எண் போட்டு வரிசையாக மாட்டி வைப்பாள். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளை ஏறும்போது எந்த ஓடு வெடித்தது, எது வழிந்து தட்டில் ஒட்டியது என்று குறிப்பேட்டில் எழுதுவாள். டை மேக்கர் மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு ட்ரையல் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் இதே வேலைதான். கேள்வி மட்டும் வேறு. டை மேக்கருக்கு வரைபடம் மேலிருந்து வருகிறது. இவள் வரைபடத்தையே கேள்வி கேட்கலாம். இது ஏன் இப்படி இருக்க வேண்டும், யாருக்காக, யார் செய்தது என்று கேட்பதற்காகத்தான் அந்த இரண்டு ஆண்டுகள்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது; அதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முதுகலைக்குள் நுழைய இளங்கலைப் பட்டம் வேண்டும். முப்பது ஆண்டு தறியில் உட்கார்ந்த பொதட்டூர்பேட்டை நெசவாளரோ, டூல் ரூமில் தலை நரைத்த மேஸ்திரியோ மாணவராகச் சேர முடியாது. செய்முறை காட்ட அழைப்பார்கள், சால்வை போர்த்துவார்கள். வகுப்பறையில் நிரந்தர நாற்காலி அரிது. நூறு ஆண்டுக்கு முன் பௌஹவுஸ் தன் மேஸ்திரிக்குக் கொடுத்த அந்த நாற்காலியை நம் பல்கலைக்கழகங்களும் போட வேண்டும். அதே நேரம், நுழைவுத்தேர்வில் தேறும் பிள்ளைகள் ஆய்வுக்குப் பொருள் தேடி ராஜஸ்தான் வரை போக வேண்டியதும் இல்லை. திருவள்ளூரைச் சுற்றிச் செங்கல் சூளைகள் இருக்கின்றன. அவற்றில் கல் அறுப்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள், அவர்கள் கையின் வேகமும் மண் பிசையும் பக்குவமும் இன்னும் எழுதப்பட வேண்டியவை. பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். காக்களூர் தொழிற்பேட்டையின் சின்னச் சின்ன ஷெட்டுகளில் கேட்டலாக்கில் இல்லாத உதிரி பாகத்தை உடைந்த துண்டைப் பார்த்தே செய்து கொடுக்கும் டர்னர்கள் இருக்கிறார்கள். மூன்றும் மணவாள நகரிலிருந்து பஸ் ஏறிப் போய் அன்றைக்கே திரும்பிவிடக் கூடிய தூரம். போகும்போது கேள்வித்தாளோடு போகாமல், நாலு நாள் கூட உட்கார்ந்து வேலை செய்துவிட்டுப் பிறகு கேட்டால் அவர்கள் நிறையச் சொல்வார்கள்.